ஐஸ் கரைவதற்குள்

ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் பயிற்சி எடுத்து வந்த என் அண்ணிக்கு "ஊசிக்காரி" என்று பட்டம் கட்டியதே அண்ணன்தான். அந்த அண்ணனுடைய டீ பிளாஸ்கிலேயே ஐஸ் நிரப்பி மருந்தைக் கொண்டுவந்தார் அண்ணி. ஐஸ் கரைந்தால் மருந்து வீண். ஆனால் தெருவில் ஓர் ஆடுகூட வரவில்லை.

"பொம்பள ஊசி போட்டா ஆடு பொழைக்குமா? டாக்டர் வரட்டும்" என்றார் அண்ணன்.

போன தடவை நோய் பரவியபோதும் டாக்டர் வந்தார். ஆடுகள்தான் அதுவரை காத்திருக்கவில்லை.

அதில் பாதி மந்தையை இழந்தவள் என் தங்கை. மிச்ச ஆடுகளை அவள்தான் முதலில் ஓட்டி வந்தாள்.

"போடுங்க அண்ணி. ஆடு என்னுது, நான் சொல்றேன்."

பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆடு பிடிக்க ஆள் போதாமல் அண்ணனே உட்கார்ந்தார்.

"ஏங்க, ஊசி ஆட்டுக்குத்தான். கண்ணத் தொறங்க."

ஊசி இறங்கியது. கத்தியது ஆடு இல்லை.