பெயின்டர் மனைவியின் இடுப்பு

மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து பெயின்டர் விழுந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அவர் மனைவி ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். மதியம் போய் ராத்திரி எட்டுக்குத் திரும்புவாள். அதற்கு முன்னும் பின்னுமாக அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு என்று நாளுக்கு எட்டுத் தடவையாவது தூக்க வேண்டும். அவர் வாட்டசாட்டமான ஆள். அவளோ ஊதினால் பறந்துவிடுவாள். எப்படித்தான் தூக்குகிறாளோ என்று தெருவில் சொல்வார்கள். அந்தப் பேச்சில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

வருஷத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து ஒரு கிறிஸ்தவ மருத்துவக் குழு வரும். பிசியோதெரபி படிக்கிற மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். சர்ச் ஹாலில் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, மடக்குக் கட்டில்களை விரித்து, ஜெபம் செய்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அவர்கள் வந்த நாலு வருஷமும் பெயின்டர்தான் முதல் ஆள். காலை மடக்கி நீட்டுவார்கள், டேப்பால் தொடையை அளப்பார்கள், படம் போட்ட காகிதம் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். "என் காலைப் பத்தி என்னைவிட அந்தப் பசங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்," என்பார்.

ஐந்தாம் வருஷம் வீடுகளுக்கே போய்ப் பார்ப்பது என்று குழுத் தலைவர் முடிவு செய்திருந்தார். இரண்டு மாணவிகளும், மொழிபெயர்க்க உள்ளூர் நர்ஸும் வந்தார்கள். ஒரு மாணவி நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தாள். அவள் உட்காருவதற்குள் பெயின்டர் அவளுக்கு ‘நெட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்.

நாற்காலிக்கு எப்படி மாறுகிறார் என்று காட்டச் சொன்னார்கள். மனைவி குனிந்து, அவர் கைகளைத் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கி, அரைவட்டம் சுற்றி உட்கார வைத்தாள். கழிப்பறை வாசல் நாற்காலியைவிட இரண்டு விரல் குறுகல், அதனால் கடைசி நாலு எட்டு சுமந்துகொண்டுதான் போக வேண்டும் என்றும் சொன்னாள். நிமிரும்போது கை தானாக இடுப்புக்குப் போனது. நெட்டை எழுதுவதை நிறுத்திவிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

வலியெல்லாம் இல்லை, அவரைப் பாருங்கள் என்றாள் மனைவி.

"பொய் சொல்றா," என்றார் பெயின்டர். "திரும்பிப் படுக்குறப்பல்லாம் முனகுவா. நான் தூங்கிட்டேன்னு நினைப்பு."

நர்ஸ் கதவைச் சாத்தினாள். நெட்டை மனைவியைக் குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்திப் பார்த்தாள். இடது கால் மரத்துப்போகிறதா என்று கேட்டதற்கு, ஆமாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இனிமேல் தூக்கவே கூடாது, இப்படியே போனால் இருவருமே படுக்கையில்தான் என்றாள் நெட்டை. அவர் கைகளில் பலம் இருக்கிறது, அவரே நகர்ந்து மாறிக்கொள்ளலாமாம்.

மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ ஆறு வருஷமா நான் செஞ்சது தப்பா?"

நர்ஸ் தயங்கித்தான் அதை மொழிபெயர்த்தாள். நெட்டையின் பதிலை நர்ஸ் அப்படியே தமிழில் சொன்னாள்: "தப்பு எங்க மேலதான் அக்கா. நாலு வருஷமா வந்து இவர் காலை அளந்துட்டுப் போயிருக்கோம். தூக்குறது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை."

அடுப்பில் பால் இருக்கிறது என்று மனைவி உள்ளே போய்விட்டாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

மறுநாள் சர்ச்சுக்கு வரும் தச்சர் ஒருவர் கை நீளத்துக்குப் பலகை ஒன்றை இழைத்துக் கொடுத்தார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அதைப் பாலமாகப் போட்டு, பெயின்டர் கையூன்றிச் சறுக்கிக் கடக்க வேண்டும். ஆனால் அவருக்கு அந்தப் பலகையை அப்படியே தொட மனம் வரவில்லை. உப்புத்தாள் போட்டு, இரண்டு கோட் வார்னிஷ் அடித்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதம். இரண்டு வார முகாமில் ஒரு நாள் பலகை காய்வதிலேயே போனது.

முதல் முயற்சியில் பலகை நழுவி அவர் நெட்டையின் மேலேயே விழுந்தார். மனைவி பாய்ந்தாள். நர்ஸ் மறித்தாள். "கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க அக்கா. இப்போ அதுதான் உங்க வேலை." அதற்குத் தூக்குவதே சுலபம் என்றிருந்தது அவளுக்கு. ஒன்பதாம் நாள் அவர் யார் உதவியும் இல்லாமல் அக்கரை சேர்ந்தார். கழிப்பறைக் கதவைக் கழற்றித் திரை தொங்கவிட்டதும் நாற்காலி உரசாமல் உள்ளே போனது; அங்கேயும் அதே பலகைதான் பாலம். இவ்வளவுதானா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி நாள் ஹாலில், யாருக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று குழுத் தலைவர் கேட்டார். வழக்கமாக மனைவி, அவர் நடக்க வேண்டும் என்பாள். அன்று தன் இடுப்பைச் சொன்னாள். முதல் ‘ஆமென்’ பெயின்டருடையது.

வலி முழுக்கப் போகவில்லை, பாதியாகக் குறைந்தது. காலையில் தூக்க ஆள் வேண்டாம் என்றானதும், மறுமாதம் அவள் காலை ஷிப்டுக்கு மாறினாள். முதல் நாள் மனசு வேலையில் இல்லை. விரிப்பு ஒன்று கருகியது. பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாம் தடவைதான் அவர் குரல் வந்தது.

"பாத்ரூம்ல இருந்தேன். ஒரு மனுஷனை அங்கயாவது நிம்மதியா விடக் கூடாதா?"

சரி சரி என்று சொல்லி, போனை வைத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.