எத்தனை ஏக்கர்

பெண்ணைக் கொடுக்கிறவன் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் நான் கேட்டேன். இன்றைக்கும் அதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். என் மகள் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். மகள் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிட்டுக்கொண்டே, கூட வேலை பார்க்கும் அயோவா மாநிலத்து அமெரிக்கப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக இங்கிலீஷில் அறிவித்தாள். வந்து அவன் அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டும், மனசாரச் சரி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டில் ரெஜிஸ்டர் பண்ணிக்கொள்வோம் என்றாள். என் மனைவி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் ஐசலினில் இருக்கும் இந்தியக் கடைகளுக்குப் போய்ப் பட்டுப்புடவை விலை விசாரித்துவிட்டு வந்தாள். மல்லுக்கட்ட நான் ஒருத்தன்தான் மிச்சம்.

பையனின் அப்பா விவசாயி என்று தெரிந்ததும் நானும் கொஞ்சம் இறங்கி வந்தேன். நான் தாராபுரம் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போனால் கேட்பதற்கு ஒரு வரிசை உண்டு. எத்தனை தலைமுறையாய் அந்த ஊர், அம்மா வீடு எங்கே, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை ஏக்கர். கேட்பதுதான் மரியாதை. கேட்காமல் திரும்பினால், "என்னத்தப் பாத்துட்டு வந்தீங்க?" என்று ஊரே சிரிக்கும்.

ஜூலை மாதம் போனோம். விமானத்தில் இறங்கி இரண்டு மணி நேரம் காரில், இரண்டு பக்கமும் மக்காச்சோளம். வாசலில் நின்ற மனிதர் ஆறடிக்கு மேல் இருந்தார். முகம் செங்கல் நிறம், தொப்பி மறைக்கும் நெற்றி மட்டும் வெள்ளை வெளேர். கையைக் குலுக்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை.

மழை எப்படி என்று கேட்டேன். "பரவால்ல" என்றார். மாடுகள்? "பரவால்ல." எத்தனை வருஷமாக விவசாயம்? "கொஞ்ச காலமா." நான் கேட்டது இங்கிலீஷில்தான், அவர் சொன்னதும் இங்கிலீஷில்தான். பாஷையில் ஒரு குறையும் இல்லை. தலைகீழாக நின்றாலும் மனிதர் பிடி கொடுக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு எரிச்சல் ஏற ஆரம்பித்தது.

அவர் மனைவி நல்ல பேச்சுக்காரி. என் மனைவியோடு உட்கார்ந்து சோளக் கதிர் உரித்தபடி எல்லாவற்றையும் சொன்னார். கணவரின் கொள்ளுத் தாத்தா ஜெர்மனியிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தவர். நாங்கள் உட்கார்ந்திருந்த வீடு தாத்தா கட்டியது. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது இவருக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு வயலில் இறங்கியவர், அன்றிலிருந்து ஒரு நாள் காலையும் மாட்டுக்குத் தீனி வைக்கத் தவறியதில்லை. மூத்த மகள் கல்யாணத்தன்றுகூடச் சர்ச்சிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டாராம். கேட்கக் கேட்க எனக்குத் திருப்தியாக இருந்தது. என் வரிசையில் மிச்சம் ஒரே ஒரு கேள்விதான்.

அதை ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன்.

"உங்களுக்கு மொத்தம் எத்தன ஏக்கர்?"

அவருடைய முள்கரண்டி பாதியில் நின்றது. பையன் தட்டைப் பார்த்தான். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் எதிராளி கூச்சப்பட்டால் நம்முடையதை முதலில் சொல்லிவிட வேண்டும். "எங்களுக்கு ஊர்ல நாப்பது ஏக்கர்" என்று எடுத்துவிட்டேன். மேசைக்கு அடியில் என் மனைவி ஓங்கி ஓர் உதை விட்டாள். எங்களுக்கு இருந்தது ஆறு ஏக்கர்.

"நல்லது" என்றார் அவர். பிறகு எழுந்து, "மாட்டைப் பாத்துட்டு வர்றேன்" என்று போனவர், நாங்கள் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

காரில் மகள் என்னைக் கிழித்துப் போட்டாள். பையன்தான் பொறுமையாகச் சொன்னான். "அங்கிள், எங்க பக்கம் அதைக் கேக்கறது, பேங்க்ல எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு கேக்கற மாதிரி. அதோட, நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க நிலம் நிறைய ஏலத்துல போயிடுச்சு. இப்ப எவ்வளவு மிச்சம்னு அப்பா எனக்கே சொன்னதில்ல."

இது எனக்கு எப்படித் தெரியும்? நெற்றியிலா எழுதி ஒட்டியிருந்தது? மோட்டல் அறையில் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஏனுங்க, அதென்ன நாப்பது? பக்கத்துத் தோட்டத்துக்காரங்களையும் சேத்துச் சொன்னீங்களா?" ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள், நான் சொன்னது ஒன்றே ஒன்று என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் ஆவணியில், நியூ ஜெர்சியிலேயே முகூர்த்தம் குறித்தோம். அயோவாவிலிருந்து, அம்மா கட்டாயம் வருவார் என்று பதில் வந்தது. அப்பாவைப் பற்றி, "மாட்டை யார் பாத்துப்பாங்க? பாக்கலாம்" என்பதோடு சரி.

"அவர் வரலைன்னா அதுக்கு நீங்கதான் காரணம்" என்றாள் மகள். எப்போதும் இங்கிலீஷில் பேசுகிறவள் இதை மட்டும் சுத்தத் தமிழில் சொன்னாள். அப்புறம் சாவி எங்கே, கார் வேண்டும் என்பதற்கு மேல் என்னிடம் பேச்சில்லை. பையன் பாவம், ஒன்றும் சொல்ல மாட்டான். அப்பா என்ற சொல் வந்தாலே முகம் வாடிப்போகும். நான் அயோவாவுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "பாக்கலாம்." மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கிழித்தேன், இன்னொன்று எழுதி அதையும் கிழித்தேன். என்ன செய்துவிட்டேன் நான்? ஏக்கர் கேட்டேன். அதற்கு ஒரு மனிதனுக்கு இத்தனை வீம்பா என்று தினமும் பல் துலக்கும்போது திட்டுவேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மண்டபத்து வாசலில் ஒரு பிக்கப் லாரி வந்து நின்றது. விமானம் பிடிக்காது என்று சம்பந்தி இரண்டு நாள் ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார். மாட்டைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் விட்டிருந்தார். மகள் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

தாலி கட்டும்வரை என்னிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டின்போது தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தோளில் கோட் இறுக்கிப் பிடித்திருந்தது. பாயசத்தைச் சுத்தமாகச் சாப்பிட்டு முடித்தார்.

"எண்பது" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எண்பது ஏக்கர். முன்னாடி முன்னூத்தி இருபது இருந்துச்சு. என் கையில இருந்தப்பதான் போச்சு." மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து ராத்திரி பையன்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க முதல் நாளே என்னை நம்பி உங்களோடத சொன்னீங்க. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். ஒரு வருஷமா அது சரியில்லன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் அதைவிடக் கேடு. ஒரு வருஷம் இந்த மனிதரைத் திட்டியிருக்கிறேன். அவரோ என் பொய்க்குப் பதிலாக உண்மையைச் சொல்ல ஆயிரம் மைல் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். அப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பேசாத மனிதர் பேசாமலே இருந்திருக்கக் கூடாதா?

"உங்க நாப்பத இப்ப யாரு பாத்துக்கறா?" என்று கேட்டார்.

"தம்பி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார், மேலே சொல்லட்டும் என்று. "நாப்பது இல்ல. ஆறு" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, கழுத்தில் மாலையோடு என் மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடியும் எதையோ கேட்டுவிட்டார் என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவர் காகிதத்தால் வாயைத் துடைத்தார். எழுந்து போகப் போகிறார் என்று நானும் கையை நாற்காலியில் ஊன்றினேன்.

"நல்ல மண்ணா?" என்று கேட்டார்.

வரிசை வரிசையாகக் கேள்வி வைத்திருந்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

"செம்மண். கிணத்துல தண்ணி இல்ல" என்றேன்.

"என்னோடதுல பாதி தாழ்வு. மழை பேஞ்சா தண்ணி நின்னுடும்" என்றார் அவர், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு.