வெள்ளிக்கிழமைப் பொட்டு

ஆரப்பாளையத்தில் எங்கள் வாசகசாலைக்கு நான் செயலாளராக இருந்தபோது எனக்கு ஒரு பெருமை உண்டு. பொதுக் கிணற்றிலும் கோயிலிலும் எல்லாருக்கும் உரிமை கேட்டு அடிபட்டு, இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்த தலைவர் ஒருவரின் ஒரே போட்டோ எங்களிடம்தான் இருந்தது. எடுத்த ஸ்டூடியோவும் மூடியாயிற்று. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை போட்டு, நானே சந்தனம் குங்குமம் வைப்பேன். வேறு யாரையும் கிட்ட விடமாட்டேன். நின்றபடி எடுத்த படம், முகம் ஓரணாக் காசு அகலம்தான். யுத்த காலத்தில் சட்டத்தின் கண்ணாடி உடைந்தது. புதுசு கிடைக்காததால் படத்தை வெறுமனே மாட்டினோம். பொட்டை மட்டும் நான் நிறுத்தவில்லை.

ஒருநாள் திருமங்கலம் பக்கமிருந்து காலை பஸ்ஸில் அவருடைய மனைவி வந்தார். தலைவர் சாகும்போது கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு இப்போது கல்யாணம்.

"அண்ணே, அவ அப்பன் மொகத்தையே பாத்ததில்ல. மணவறையில ஒரு படம் வைக்கணும்னு அழுகுறா. அவரு பேச்சத்தான் யாரும் ரிக்கார்டுல பிடிச்சு வைக்கல, மொகமாச்சும் இங்க இருக்கேன்னு வந்தேன். ஒரு காப்பி எடுத்துக் குடுங்கண்ணே."

"அதுக்கென்னம்மா! நம்மகிட்ட பத்திரமா இருக்கு" என்று ஜம்பமாக ஸ்டூலில் ஏறிப் படத்தை இறக்கினேன். மாலையைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தை வழக்கம்போல நகத்தால் சுரண்டினேன். சந்தனத்தோடு படமும் உரிந்து வந்தது. அடியில் வெள்ளைக் காகிதம். நெற்றி, கண், மூக்கு எதுவுமே இல்லை. தோளும் துண்டும் மட்டும் மிஞ்சியிருந்தன. வாராவாரம் ஈரச் சந்தனத்தை அப்பி ஊறவைத்தவனும் நான், மறுவாரம் சுரண்டியவனும் நான். அட மடையா!

அந்த அம்மா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

"அவரு நெத்தியில எதுவுமே வைக்க மாட்டாருண்ணே" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அப்போதாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "கவலப்படாதீங்கம்மா. டவுன்ல ஒரு ஸ்டூடியோவுல முகம் வரைஞ்சு சேக்குற ஆளு இருக்காரு. நீங்க அடையாளம் சொன்னாப் போதும். கண்ணு எப்படி, மூக்கு எப்படின்னு..."

அவர் குனிந்த தலை நிமிராமலே சொன்னார்:

"எனக்கே இப்ப சரியா நெனப்பு வர மாட்டேங்குதுண்ணே. அதப் பாக்கத்தான நானும் ஓடியாந்தேன். நீங்கதான வாராவாரம் கிட்ட நின்னு பாத்தீங்க. நீங்க சொல்லுங்க, அவரு மூக்கு எப்படி இருக்கும்?"

எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்த முகத்துக்கு நேரே நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.