பங்குனி வரைக்கும்

எட்டாம் வகுப்போடு மல்லாங்கிணற்றை விட்டுக் கிளம்பியவன் நான். தீப்பெட்டி, பட்டாசு, லாரி லோடு என்று அலைந்து, 2005இல் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் தினசரித் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆடி பிறந்தாலே அங்கே அடுத்த வருஷம் தொடங்கிவிடும்.

அந்த ஐப்பசியில், நான் விரும்பியவனுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். எங்கள் சங்கதி தெரிந்துபோய், இப்படி ஒரு தம்பி இருப்பதற்கு இல்லாமலே போகலாம் என்றான் என் அண்ணன். எனக்கும் அது சரியென்றே பட்டது. சனிக்கிழமை வேலையை முடித்துவிட்டு உயிரை விடுவதென்று இருந்தேன்.

மேசையில் எனக்கு எதிரே வேலை பார்த்தவள் மற்றவர்களுக்குப் பேன்ட் சட்டை போட்ட ஆண். தான் பெண் என்பதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் என் டிபன் பாக்ஸைக் கழுவி, நீயே வைத்துக்கொள் என்று அவளிடம் கொடுத்தேன்.

"திங்கக்கெழம சோத்த எதுல கொண்டாருவீக?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"சாகப் போறீகளாண்ணே?"

அப்படி நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு வேஸ்ட் தாள்களைக் கிளறி, வரப்போகும் பங்குனியின் ஒரு தாளை எடுத்தாள். விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அன்று முதன்முதலாகச் சேலை கட்டி நடக்கப்போகிறாளாம். தனியாகப் போகப் பயமாம். நான் கூட வரவேண்டுமாம். தாளில் என் மகர ராசிக்கு 'பயம்' என்று போட்டிருந்தது.

"எனக்குள்ள பயத்த ஒங்க ராசியில அடிச்சிட்டானுக."

சிரித்துவிட்டேன். சிரிப்பு இன்னும் எனக்குள் இருந்தது ஆச்சரியமாக இருந்தது.

அன்று ராத்திரியும் ஞாயிறு முழுக்கவும் அவள் என்னைத் தனியே விடவில்லை. திங்களன்று லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள், பேசினார்கள், மறுபடி வரச் சொன்னார்கள். துக்கம் உடனே போகவில்லை. சில நாள் பங்குனி வரைக்கும் இருப்போம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றாது. டிபன் பாக்ஸை அவள் திருப்பித் தரவில்லை. தினமும் அதில் எனக்குச் சோறு கொண்டுவந்தாள்.

பங்குனியில் சிவப்புச் சேலையில் வந்தாள். குட்டை முடியில் மல்லிகைப்பூவை ஊசி குத்தி நிறுத்தியிருந்தாள். பஸ் ஸ்டாண்டு அருகே ஒருவன், "ஏலே, இது யாரு பொண்டாட்டிலே?" என்றான்.

"என் தங்கச்சி," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தோடு கோயில்வரை நடந்தோம். பசித்தபோது ஓர் ஓரமாக உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைத் திறந்தாள். புளிச்சோறு. இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.