நடுவில் நின்ற முள்

என் காருக்கு இருபது வயது. போன கோடையில் இன்ஜின் சூடேறி, அதன் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டது. பிரித்துச் சரிசெய்த மெக்கானிக், "இன்னொரு வாட்டி இப்படிச் சூடேறுனா எடைக்குத்தான் போடணும்ணே" என்றார். சூடு காட்டும் மீட்டர் எப்போதோ செத்திருந்தது. புதிதாக ஒன்று வைக்க, பைபாஸ் ரோட்டில் இருந்த கார் அலங்காரக் கடைக்குப் போனேன்.

கேட்டது ஒன்று. கடைக்காரர் மூன்று வைத்தார்: சூடு, ஆயில் பிரஷர், பேட்டரி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூன்றுக்கும் நீல விளக்கு வேறு.

என் மனைவியின் அண்ணன் வந்து பார்த்தார். பல்பு மாற்றவே ஆள் கூப்பிடுகிறவர். "மாப்ள, ஏரோப்ளேன் கெட்டுச்சு போங்க" என்றார். மூன்று முள்ளும் நடுவில் நிற்பதைப் பார்த்து, "இன்ஜின் கிண்ணுன்னு இருக்கு" என்று சான்றிதழும் கொடுத்தார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மூன்றாம் நாள் காலை சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஓடுவதற்கு முன்பே சூட்டு முள் நடுவுக்குப் போய் நின்றது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த வண்டி. பத்து கிலோமீட்டர் ஓட்டியும் முள் அசையவில்லை.

கடைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்க் கேட்டேன். கடைக்காரர் கூச்சப்படவே இல்லை.

"அது இன்ஜின்ல மாட்டலண்ணே. நடுவுல நிக்கிற மாதிரி நானே வச்சு விட்டேன்."

"ஏங்க?"

"நெசத்தக் காட்டுனா பயந்துர்றாங்க. முள்ளு லேசா ஏறுனாலும் எனக்குப் போனு. அம்புட்டுப் பேருக்கும் இப்படித்தான். ஒருத்தரும் கொற சொன்னதில்ல."

குறை சொல்ல வேண்டியவர்கள் வண்டியை எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். "எனக்கு நெசத்தயே காட்டட்டும்" என்று மட்டும் சொன்னேன். கடையில் நான் போட்ட ஆகப் பெரிய சண்டை அது. என்னை ஒரு நோயாளியைப் போலப் பார்த்துவிட்டு, மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மச்சானோடு செம்பட்டிக்கு ஒரு காதுகுத்துக்குப் போனேன். பாதி வழியில் முள் ஏறத் தொடங்கியது. சிவப்பைத் தொடுவதற்குள் ஓரங்கட்டி அணைத்தேன்.

"நல்லா இருந்த மீட்டர நோண்டிக் கெடுத்துட்டீகளே மாப்ள" என்றார் மச்சான். "அன்னிக்கு அழகா நடுவுல நின்னுச்சு."

பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் ஃபேனின் வயர் கழன்று தொங்கியது. அதைக் காட்டினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

சூடு தணிந்ததும் வயரை மாட்டிக்கொண்டு மெல்லப் போய்ச் சேர்ந்தேன். இன்ஜின் பிழைத்துவிட்டது. அதற்குள் மச்சான் பந்தியில் எல்லோருக்கும் கதையைச் சொல்லி முடித்திருந்தார். சாப்பிட்டு எழுந்த மூன்று பேர் என்னிடம் வந்து, முள் நடுவிலேயே நிற்கிற மாதிரி வைத்துக் கொடுக்கும் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

வழி சொன்னேன்.