மாடி வீட்டு டீனாவின் வலது கணுக்கால்

மர்பி டவுனில் வீடு பார்க்கப் போனபோது ஓனர் ஓஸ்வால்ட் அங்கிளிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மேல சத்தம் கித்தம் எதுவும் இருக்காதுல்ல அங்கிள்?" அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "சத்தமா? மாடியில நாங்க மூணே பேரும்மா," என்றார். மூன்றே பேர் என்பது உண்மைதான். அதில் ஒருத்தி டீனா என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான் குடியாத்தத்துக்காரி. அமெரிக்காவில் யாருடைய கம்ப்யூட்டராவது மக்கர் பண்ணினால் இங்கிருந்து போனில் சரி செய்து கொடுக்கும் வேலை. அவர்கள் தூங்கப் போகும்போது நானும் தூங்க வருவேன், அதாவது காலையில். மாடி வீட்டில் உலகம் தொடங்குவதும் அப்போதுதான். ஓஸ்வால்ட் அங்கிள் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நின்று மேலே இருப்பவனிடம் கத்திப் பேசிப் பழகியவர், ரசத்துக்கு உப்புக் கேட்டாலும் ஆறாவது மாடிக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். மனைவி பவுலின் ஆன்ட்டி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவர் கத்த மாட்டார். திருத்துவார். நான் "பத்து ரூபாய் சில்லறை இருக்கா" என்று கேட்டால் கூட, சில்லறைக்கு எந்த 'ற' என்று தெரியுமா என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

டீனாவுக்குப் பதினாறு வயது. எங்கள் ஏரியாப் பெண்கள் ஃபுட்பால் டீமில் பேக் ஆடுகிறவள். காலையில் பந்தை உதைத்துப் பழகுவது மாடியில், சரியாக என் தலைக்கு மேலே. பந்து போனாலும் போகட்டும், ஆள் தாண்டிப் போகக் கூடாது என்பது அவள் கொள்கை. அவளிடம் மோதி விழுந்த பெண்கள் அல்சூர் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அவள் கால் உடைந்தது ஆட்டத்தில் இல்லை. பந்து ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழ, எடுக்கச் சுவர் ஏறிக் குதித்தவள், உள்ளே நாய் துரத்தியதால் அவசரமாகத் திரும்ப வெளியே குதித்தாளாம். நாய் துரத்தியதாக அவள் மட்டும்தான் சொல்கிறாள். அந்த நாயை எனக்குத் தெரியும். அது எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

வலது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்து, ஆபரேஷன் செய்து, தகடும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். எத்தனை ஸ்க்ரூ, என்ன சைஸ் என்று ஓஸ்வால்ட் அங்கிள் டாக்டரிடம் விசாரித்து, "நல்ல குவாலிட்டிதான்" என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தார்.

கட்டுப் பிரித்த அன்று நானும் பார்க்கப் போயிருந்தேன். டீனாவின் கெண்டைக்கால் முருங்கைக்காய் மாதிரி ஆகியிருந்தது. இடது காலோடு சேர்த்துப் பார்த்தால் வேறு யாருடைய காலையோ தவறுதலாக மாட்டி அனுப்பிவிட்டதுபோல இருந்தது. எதற்கும் அழாத பெண், அதைப் பார்த்து ஓவென்று அழுதாள். "இதை வெச்சு நான் எப்படி அக்கா ஆடுவேன்?" என்று என் துப்பட்டாவிலேயே மூக்கைத் துடைத்தாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் இடத்தில் கோச் ஃபிராங்க்ளின், இளவேனில் என்ற பெண்ணை ஆட விட்டிருந்தார். இளவேனில் நன்றாக ஆடினாள். அதைவிடக் கொடுமை, அவள் ரொம்ப நல்ல பெண். வாராவாரம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து, "சீக்கிரம் வாடி, நீ இல்லாம போர் அடிக்குது," என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போவாள். டீனா அந்தச் சாத்துக்குடியைப் பல்லைக் கடித்துக்கொண்டே தின்பாள். ஃபிராங்க்ளின் கடைசியாகச் சொல்லிவிட்டார்: ஆஸ்டின் டவுன் பெண்களோடு மேட்ச் வருவதற்குள் பிசியோ மேடம் போன் பண்ணி 'ஆடலாம்' என்று சொன்னால் டீனா. இல்லையென்றால் இந்த சீசன் முழுக்க இளவேனில்.

பிசியோ மேடம் பெயர் மமதா. மைசூர்க்காரர். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். முதல் நாள் கொடுத்த பயிற்சி ரொம்பச் சாதாரணமானது. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, கட்டை விரலைப் பேனாவாக நினைத்துக்கொண்டு காற்றில் எழுத்துகளை எழுத வேண்டும். அப்படி எழுதினால் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பும். "ஆல்ஃபாபெட் பூரா ஒரு தடவை, தினமும்," என்றார் மமதா. எல்லா ஊரிலும் எல்லாக் காலுக்கும் கொடுக்கிற பயிற்சிதான். ஆனால் எல்லா வீட்டிலும் தமிழ் டீச்சர் இருப்பதில்லை.

"ஏபிசிடி எழுதறதுக்கு ஆபரேஷன் பண்ண காலு எதுக்கு?" என்று கேட்டார் பவுலின் ஆன்ட்டி. "எல்லாம் நேர்க்கோடு. ஐ-ன்னு ஒண்ணு, குச்சி நட்ட மாதிரி. அதுல எங்க சுத்தும் கணுக்கால்? நம்ம எழுத்தைப் பாரு. ஒவ்வொண்ணும் வளைஞ்சு, சுழிச்சு, ஏறி, இறங்கி..." பேசப் பேச அவருக்கே பக்தி வந்துவிட்டது. டீனா இங்கிலீஷ் மீடியம். பஸ் போர்டில் தமிழ் இருந்தால் பஸ் போன பிறகுதான் படித்து முடிப்பாள். பல வருஷமாகக் கையால் கற்றுக்கொடுக்க முடியாததை இப்போது காலால் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று ஆன்ட்டி கணக்குப் போட்டது எனக்குப் புரிந்தது. கட்டிலை விட்டு ஓட முடியாத மாணவி எந்த டீச்சருக்குக் கிடைப்பாள்?

சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஆன்ட்டியைத் தவிர, பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதானாம். தூக்கக் கலக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு பெண்ணின் கட்டை விரல் காற்றில் எழுதுவதைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் படிப்புக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"கி-க்கு மேல கொக்கி எங்கடி?"

"போட்டேன் மம்மி!"

"நான் பார்க்கலையே. கிருத்திகா, நீ பார்த்தியாம்மா?"

"போட்டா ஆன்ட்டி. கொஞ்சம் சின்னதா போட்டா."

"பெருசா போடு. கொக்கி பெருசா போட்டாத்தான் நரம்பு இழுக்கும்."

க வரிசை முடிந்து, ங வரிசை முடிந்து, ச வரிசைக்கு வந்தபோது நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது ழ வரிசை போய்க்கொண்டிருந்தது. டீனா தலையணையைக் கடித்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். கணுக்கால் இட்லி மாதிரி உப்பியிருந்தது.

மறுநாள் மமதா மேடம் அதைப் பார்த்துப் பதறிப்போனார். "அய்யய்யோ, ஏனு இது? எக்சர்சைஸ் எத்தனை தடவை பண்ணினீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி ஒரே தடவைதான் மேடம்," என்றார் பவுலின் ஆன்ட்டி, பெருமையாக.

"ஒரு தடவையில இப்படி ஊதுமா? இருபத்தாறு லெட்டர்தானே?"

"இல்ல மேடம். இருநூத்தி நாப்பத்தேழு."

மமதா மேடம் கையில் பிடித்திருந்த காலை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "மேடம், இது காலா, சிலேட்டா?" என்று கேட்டார். தமிழில் எழுதுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும், உயிரெழுத்து பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும், உயிர்மெய் பக்கமே போகக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். ஆன்ட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "ஆய்த எழுத்து மட்டும் சேர்த்துக்கலாமா மேடம்? மூணு புள்ளிதான்," என்றார். மேடம் பெருமூச்சு விட்டு அனுமதி கொடுத்தார்.

அதற்குப் பிறகு கால் தேற ஆரம்பித்தது. ரப்பர் பட்டையை மாட்டி இழுப்பது, குதிகாலைத் தூக்கி விரலில் நிற்பது, பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது என்று டீனா விடாமல் செய்தாள். ஒருநாள் கூடத் தப்பவில்லை. என் தூக்கமும் ஒருநாள் கூடத் தப்பவில்லை, தினமும் கெட்டது. முருங்கைக்காய் மெல்ல மெல்லக் கத்தரிக்காய் ஆயிற்று. ஓடினாள். பந்தையும் உதைத்தாள்.

கடைசிப் பரீட்சை ஒன்று பாக்கி. ஆபரேஷன் ஆன காலில் மட்டும் நின்று, எதையும் பிடிக்காமல், பிசியோ அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நொண்டி அடித்துப் போக வேண்டும். போய்விட்டால் மேடம் ஃபிராங்க்ளினுக்குப் போன் செய்வார். சின்னப் பிள்ளைகள் தெருவில் விளையாடுவதுதான். டீனாவால் அது மட்டும் முடியவில்லை.

காலில் பலம் இல்லாமல் இல்லை. அவள் இடது காலைத் தரையிலிருந்து தூக்கினால் போதும், ஓஸ்வால்ட் அங்கிள் ஒரு பக்கமும் பவுலின் ஆன்ட்டி ஒரு பக்கமும் மரத்திலிருந்து விழும் பலாப்பழத்தைப் பிடிப்பவர்கள் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பிள்ளை மறுபடி விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. நீட்டிய கை இருந்தால் யாருக்குத்தான் பிடித்துக்கொள்ளத் தோன்றாது? அவளும் பிடித்துக்கொள்வாள். "கையைப் பிடிக்காம குதிச்சா உடைஞ்சிடும்னு தோணுது அக்கா," என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் பழைய டீனாவே இல்லை. எனக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது.

மேட்சுக்கு முந்தின நாள், கடைசி வாய்ப்பு. என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நானும் போனேன். ஆபீசுக்கு நேராகப் போக வேண்டும் என்று ஹீல்ஸ் போட்டிருந்தேன். அறையில் டீனா சுவரோரம் நின்று இடது காலைத் தூக்கினாள். உடனே நான்கு கைகள் நீண்டன. டீனா இரண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பேடா, பேடா! பிடிக்க வேண்டாம்!" என்று மமதா மேடம் அங்கிளையும் ஆன்ட்டியையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். கதவில் கண்ணாடி இருந்தது. இரண்டு மூக்குகள் அதில் ஒட்டின. மேடம் திரையை இழுத்துவிட்டார். நான் குடும்பம் இல்லை என்பதால் என்னை விட்டுவைத்தார்.

டீனா மறுபடி காலைத் தூக்கினாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

அந்தக் கையைப் பிடிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேலே சத்தம் போடுகிறாள் என்று மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தவள் நான். ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "என்னால முடியாதுடி. நீயே வா," என்றேன்.

அவள் முகம் கறுத்தது. கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்தாள். பிறகு குதித்தாள். குதித்த இடத்தில் நின்றாள். தன் காலையே நம்பாமல் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு மறுபடி குதித்தாள். அப்புறம் நிற்கவே இல்லை. எதிர்ச் சுவரில் போய் உள்ளங்கையால் படீரென்று அடித்துவிட்டுத் திரும்பினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓனர் வீட்டுப் பெண்ணுக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கதவைத் திறந்ததும், "ஆச்சா?" என்றார் அங்கிள், ஆறு மாடிக்கும் கேட்கும்படி.

"ஆச்சு டாடி!"

"நாங்க பார்க்கலையே! இன்னொரு வாட்டி குதி!"

"இன்னைக்கு இது போதும்," என்று மேடம் முடிவாகச் சொல்லிவிட்டு, ஃபிராங்க்ளினுக்குப் போன் போடத் தொடங்கினார்.

இருவர் முகமும் வாடிப்போயிற்று. இத்தனை மாதம் கையை நீட்டிக்கொண்டே நின்றவர்களுக்கு, அவள் குதித்ததைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. "எப்படிக் குதிச்சா கிருத்திகா? சாஞ்சாளா? நேரா நின்னாளா?" என்று ஆன்ட்டி என் கையைப் பிடித்துக் கேட்டார். பார்த்தது நான் ஒருத்திதான். சொன்னால் போதுமா? நடித்தே காட்டிவிடலாம் என்று தோன்றியது எனக்கு. எந்தக் கேடுகெட்ட நேரத்தில் தோன்றியதோ.

"இப்படித்தான் ஆன்ட்டி," என்று அந்த வராந்தாவில் ஒற்றைக் காலில் ஒரு துள்ளு துள்ளினேன். அப்போதுதான் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். என் ஹீல் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன்.

பக்கத்தில் நின்ற டீனா ஒரே எட்டில் பாய்ந்து என் இடுப்பைப் பிடித்தாள். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவள் நான், என் எடையை இங்கே சொல்வதாக இல்லை. மெல்லக் கண் திறந்து கீழே பார்த்தேன். டீனாவின் இடது கால் சமநிலைக்காகப் பின்னால் காற்றில் நீண்டிருந்தது. எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு தரையில் இருந்தது வலது கால் மட்டும்.

ஓஸ்வால்ட் அங்கிள் இந்த முறை கையை நீட்டவே மறந்துவிட்டார். ஆன்ட்டிதான் அலறினார். "கிருத்திகா, இறங்கும்மா! அவ காலு, அவ காலு!"

டீனா என்னைக் கீழே விடவில்லை. மூச்சு வாங்க, ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இருக்கட்டும் மம்மி. தாங்குது."