பேசாமல் வந்த தம்பதி

எங்கள் சபையில் ஒரு ஆட்டோக்காரர் உண்டு. ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்குபவர். வீட்டில் சண்டை வந்தால் கண்ணை மூடி மௌனமாக இருந்துவிடு என்று அவர்களில் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து மனைவி திட்ட ஆரம்பித்ததும் இவர் கண்ணை மூடிக்கொள்வார்.

“முடிச்சிட்டனான்னு ஒத்தக் கண்ணத் தொறந்து வேற பாக்குறாருங்க பாஸ்டர்” என்று அந்த அம்மா என்னிடம் வந்து அழுதார்.

பொறுமையைப் பற்றி ஏதோ சொல்லி அனுப்பினேன். எப்படிப் புரிந்துகொண்டாரோ, வீட்டுக்குப் போய் அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். அடுத்த ஞாயிறு, தேங்காய் வாங்கி வரச் சொல்லிப் பெண்கள் பக்கத்திலிருந்து அந்த அம்மா கணவருக்கு அனுப்பிய செய்தி, என் பிரசங்கத்தின் நடுவே கைமாறிக் கைமாறி ஆண்கள் பக்கம் சேர்ந்தபோது மாங்காயாகியிருந்தது.

இனி விட்டால் ஆகாது என்று ஒரு மதியம் இருவரையும் வீட்டுக்கு அழைத்தேன். வந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். முதலில் வாய் திறப்பவர் தோற்றவராம். என் மனைவி சுடச்சுட வடை வைத்துவிட்டுப் போனாள். வேறு வழி தெரியாமல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “ஜெபிப்போம்” என்றேன்.

உருக்கமாகவே ஜெபித்தேன். நடுவில் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தன் தொடையைத் தட்டினார். விசும்பல் போலவும் கேட்டது. ஆண்டவர் கிரியை செய்கிறார் என்று நம்பி ஜெபத்தை இன்னும் நீட்டினேன்.

“இவர்கள் நாவின் கட்டுகளை அவிழ்த்தருளும்...”

“பாஸ்டர், கொரங்கு!” இருவரும் ஒன்றாக அலறினார்கள்.

கண்ணைத் திறந்தேன். பக்கத்து மலையிலிருந்து இறங்கி வந்த தடிக் குரங்கு ஒன்று மேசைமேல் உட்கார்ந்து கடைசி வடையைத் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு கையில் என் கண்ணாடி.

“நீதான் மொதல்ல கத்தின” என்றார் கணவர்.

“நானா? நீங்க அப்பவே வாயத் தொறந்துட்டீங்க.”

“அது வடையப் பாத்துத் தொறந்தது.”

அந்த அம்மா முறைக்கப் பார்த்தார். முடியாமல் சிரித்துவிட்டார். கணவரும் சிரித்தார். கண்ணாடிக்காக நான் குரங்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

இப்போது மனைவி ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்கிறார். காது வலிக்கிறது என்று அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தேடி வருகிறார். அவர் எங்கள் சபை இல்லை. இருந்தாலும் காபி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டு அனுப்புகிறேன்.